டாக்டர், திட்டாமல் ஒரு கேள்வி கேளுங்கள்

மருத்துவர்களுக்கு வணக்கம்.

நான் ஒரு மருந்தாளுநர். நீங்கள் எழுதித் தருகிற சீட்டு கடைசியில் எங்கள் கவுண்டருக்குத்தான் வந்து சேரும். சீட்டில் இருப்பதை வாங்கி முடித்த பிறகு கொஞ்சம் தயங்கி நின்று, "இன்னொன்று கேட்கலாமா?" என்று பக்கத்து அலமாரியைக் காட்டுகிறவர்கள் ஏராளம். மல்டிவைட்டமின், கால்சியம், மீன் எண்ணெய் மாத்திரை, முடிக்குப் பயோட்டின், மூட்டுக்கு ஏதாவது, தூக்கத்துக்கு ஏதாவது, பையனுக்குப் புரோட்டீன் பவுடர். அந்த அலமாரியிலிருந்து போகிற எதுவும் உங்கள் சீட்டில் இருக்காது, நீங்கள் வைத்திருக்கும் ஃபைலிலும் இருக்காது. "டாக்டரிடம் இதைச் சொன்னீர்களா?" என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "அவர் கேட்கவில்லையே."

அந்தப் பதிலுக்காகத்தான் இந்த மடல். மக்கள் ஏன் சத்து மாத்திரை வாங்குகிறார்கள் என்று கேட்டால் உங்களில் பலர் என்ன சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும். விளம்பரத்தைப் பார்த்து ஏமாறுகிறார்கள், படித்தவர்களே இப்படி இருந்தால் என்ன செய்வது, வாங்கியதெல்லாம் சிறுநீரில்தான் போகிறது. அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் காரணம் அவ்வளவுதான் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கிற வரைக்கும் நோயாளி தன் பையில் இருக்கிற டப்பாவை உங்கள் முன்னால் எடுத்து வைக்கவே மாட்டார், அதனால் வருகிற கெடுதலும் உங்கள் கண்ணில் படாது. என் கவலை அதுதான்.

யார் வாங்குகிறார்கள் என்பதை முதலில் பார்க்கலாம். அமெரிக்காவில் 2007 முதல் 2010 வரை எடுத்த தேசியக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 12,000 பெரியவர்கள் சொன்னதை வைத்து 2013-இல் ஓர் ஆய்வு வெளியானது. எதற்காக எடுக்கிறீர்கள் என்ற கேள்விக்கு, உடல்நலம் மேம்பட என்று 45 சதவீதம் பேரும், இருக்கிற நலம் கெடாமல் இருக்க என்று 33 சதவீதம் பேரும் சொன்னார்கள். பெண்களில் நிறையப் பேர் எலும்புக்காகக் கால்சியம் எடுத்தார்கள். அவர்கள் பயன்படுத்திய பொருட்களில் மருத்துவத் துறையினர் யாராவது சொல்லி எடுத்தவை 23 சதவீதம்தான், மீதியெல்லாம் அவரவர் சொந்த முடிவு. அதே ஆய்வில் இன்னொரு விஷயமும் இருக்கிறது, எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. இவற்றை எடுப்பவர்கள் எடுக்காதவர்களைவிட அதிகம் உடற்பயிற்சி செய்கிறார்கள், புகைப்பதைத் தவிர்க்கிறார்கள், தங்கள் உடல்நலம் நன்றாக இருப்பதாகவே சொல்கிறார்கள். ஆக, உங்கள் பேச்சை ஏற்கனவே ஓரளவு கேட்டு நடக்கிற கூட்டம் இது. உடம்பின் மேல் அக்கறை இல்லாதவர் அந்த அலமாரிப் பக்கமே வருவதில்லை.

அவர்கள் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவதும் இல்லை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, டப்பாவை மூக்கருகே கொண்டுபோய், பின்பக்கத்தில் பொடியாக அச்சடித்திருக்கும் பட்டியலை வரி வரியாகப் படிப்பார்கள். ஒரு நாளைக்குத் தேவையான அளவில் எத்தனை சதவீதம் என்று ஒரு கட்டம் இருக்குமே, அதில் ஒன்றுக்கு எதிரே 100 என்றும் இன்னொன்றுக்கு எதிரே 1,000-க்கு மேலும் போட்டிருந்தால், விரலை அங்கேயே வைத்துக்கொண்டு, "இது இவ்வளவு இருக்கலாமா?" என்று கேட்பார்கள். நல்ல கேள்வி. உங்கள் அறையில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. அங்கே அதைக் கேட்க அவர்களுக்கு ஏன் வாய் வரவில்லை என்று நீங்கள் யோசிக்க வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

காரணங்களிலேயே பெரியது சோர்வு என்று நினைக்கிறேன். எந்த நோயும் இல்லாமல், ஆனால் நன்றாகவும் இல்லாமல், காலையில் எழும்போதே களைப்பாக இருக்கிற நிலை. அதைச் சொல்லிக்கொண்டு உங்களிடம் வருகிறார்கள், நீங்கள் ரத்தப் பரிசோதனை எழுதுகிறீர்கள், ரிப்போர்ட் வருகிறது, "எல்லாம் நார்மல், ஒன்றுமில்லை" என்கிறீர்கள். உங்களைப் பொறுத்தவரை அது நல்ல செய்தி. வெளியே வருகிறவருக்கோ காலையில் இருந்த களைப்பு அப்படியே இருக்கிறது, இப்போது அதற்குக் காரணமும் இல்லை என்று ஆகிவிட்டது. அந்த நிலையில் ஒரு டப்பா "உங்களுக்குச் சோர்வாக இருக்கிறதா?" என்று பெரிய எழுத்தில் கேட்கிறது. உங்கள் அறையில் யாரும் முழுதாகக் கேட்டு முடிக்காத கேள்வி அது. டப்பாவுக்குள் இருப்பது வேலை செய்யுமா செய்யாதா என்பது அப்புறம்தான். தன் தொல்லையை ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே அந்த நேரத்தில் பெரிதாக இருக்கிறது.

உங்களுக்கு நேரம் இல்லை என்பது எனக்குத் தெரியும், அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. 67 நாடுகளின் தகவலைத் திரட்டி 2017-இல் வந்த ஆய்வு, ஒரு நோயாளிக்கு முதல்நிலை மருத்துவர் தருகிற சராசரி நேரம் ஒரு நாட்டில் 48 நொடி, இன்னொரு நாட்டில் 22.5 நிமிடம் என்று காட்டியது. உலக மக்கள்தொகையில் ஏறக்குறையப் பாதிப் பேர் வாழ்கிற நாடுகளில் அது 5 நிமிடமோ அதற்கும் குறைவோதான். 2018-இல் வெளியான வேறோர் ஆய்வில், வந்த காரணத்தைச் சொல்ல ஆரம்பித்த நோயாளியை மருத்துவர் இடைமறிக்க எடுத்துக்கொண்ட நேரத்தின் நடுமதிப்பு 11 நொடி. 11 நொடியில் தலைவலியைச் சொல்லிவிடலாம். தலைவலிக்கு முன்னால் ஆறு மாதமாகத் தூக்கம் கெட்டிருப்பதையும், அதற்கு யாரோ சொன்ன மாத்திரை ஒன்றை விழுங்கி வருவதையும் சொல்ல முடியாது. சொல்லாமல் விட்டது எங்கள் கவுண்டருக்கு வருகிறது, எங்களிடம் வராவிட்டால் இணையத்துக்குப் போகிறது.

இரண்டாவது காரணம், அடுத்தவர் மேல் இருக்கிற அக்கறை. தனக்கென்று வாங்குகிறவர்களைவிட அப்பாவுக்கு, அம்மாவுக்கு, மனைவிக்கு, பரீட்சை எழுதப்போகிற பிள்ளைக்கு என்று வாங்குகிறவர்களை நான் மிக அதிகமாகப் பார்க்கிறேன். தூரத்தில் இருக்கிற மகள் அம்மாவின் முழங்கால் வலியைப் போனில் கேட்கிறாள். போய்ப் பக்கத்தில் உட்கார முடியாது, டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போக முடியாது. அவளால் இப்போதைக்கு முடிந்தது ஒரு கால்சியம் டப்பா வாங்கி அனுப்புவது. அம்மாவும் அதைத் தவறாமல் சாப்பிடுகிறார், மகள் அனுப்பியது என்பதற்காகவே. இதில் நீங்கள் "இதெல்லாம் வேஸ்ட், தூக்கிப் போடுங்கள்" என்றால் அந்த அம்மா டப்பாவைத் தூக்கிப் போட மாட்டார். உங்களிடம் சொல்வதை நிறுத்திக்கொள்வார், அவ்வளவுதான்.

பயமும் உண்டு. அப்பா இதய நோயில் போய்ச் சேர்ந்த அதே வயது மகனுக்கு வரும்போது அவன் மீன் எண்ணெய் மாத்திரையை எடுத்துப் பார்க்கிறான். கொலஸ்ட்ரால் மாத்திரை எழுதிக் கொடுத்தால் வேண்டாம் என்கிறவனே இதை வாங்குகிறான், அது உங்களுக்கு எரிச்சலாக இருக்கும், எனக்கும் ஆரம்பத்தில் புரியவில்லை. மருந்து எடுத்தால் அவன் நோயாளி என்று ஆகிவிடுகிறது. சத்து மாத்திரை எடுத்தால் உடம்பைப் பார்த்துக்கொள்கிற ஆரோக்கியமான ஆள். எதை எடுப்பது, எப்போது நிறுத்துவது என்பதும் அவன் கையில் இருக்கிறது, யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. நோய் என்றாலே முடிவெல்லாம் அடுத்தவர் கைக்குப் போய்விடுகிற இடத்தில், இது ஒன்றாவது தன் கையில் இருக்கட்டும் என்று ஒருவர் நினைப்பதை நான் பைத்தியக்காரத்தனம் என்று சொல்ல மாட்டேன்.

சத்து மாத்திரை மேல் உள்ள நம்பிக்கை விளம்பரக்காரர்கள் மட்டும் விதைத்தது என்றும் சொல்லிவிட முடியாது. மருத்துவம்தான் அதை முதலில் கற்றுக்கொடுத்தது. 1747-இல் பிரிட்டிஷ் கடற்படை மருத்துவர் ஜேம்ஸ் லிண்ட், வைட்டமின் சி குறைவால் வருகிற ஸ்கர்வி நோயோடு கப்பலில் கிடந்த மாலுமிகளுக்கு வெவ்வேறு வைத்தியம் செய்து பார்த்தபோது, ஆரஞ்சும் எலுமிச்சையும் சாப்பிட்டவர்கள்தான் சட்டென்று தேறினார்கள். வைட்டமின் பி1 குறைவால் வருகிற பெரிபெரி நோய்க்கும் தீட்டிய அரிசிக்கும் உள்ள தொடர்பைக் கண்டறிய வழிவகுத்த டச்சு மருத்துவர் எய்க்மானுக்கு 1929-இல் நோபல் பரிசு கிடைத்தது. கர்ப்பத்துக்கு முன்பிருந்தே ஃபோலிக் அமிலம் எடுத்தால் குழந்தையின் மூளையிலும் முதுகுத்தண்டிலும் வரும் நரம்புக்குழாய்க் குறைபாடு பெருமளவு குறைகிறது என்று 1991-இல் பெரிய ஆய்வு ஒன்றே நிரூபித்தது, முன்பு அப்படிக் குழந்தை பிறந்த தாய்மார்களிடம் 72 சதவீதம் குறைந்தது. இன்று அந்த மாத்திரையை நீங்களே எழுதுகிறீர்கள். கடுகளவுப் பொருள் ஓர் உயிரையே காப்பாற்றும் என்பதை மக்கள் உங்களிடமிருந்துதான் தெரிந்துகொண்டார்கள். குறை இருக்கிறவருக்குக் கொடுத்தால் அவ்வளவு வேலை செய்வது, குறையே இல்லாதவருக்கு இன்னும் கொஞ்சம் கொடுத்தால் இன்னும் கொஞ்சம் நல்லது செய்யும் என்று நினைப்பது இயல்பான தவறு. இரண்டு நோபல் பரிசு வாங்கிய வேதியியல் அறிஞர் லைனஸ் பாலிங்கே 1970-இலிருந்து வைட்டமின் சி-யை அளவுக்கு மீறிச் சாப்பிடச் சொல்லி எழுதிக்கொண்டிருந்தார். பின்னால் வந்த ஆய்வுகளையெல்லாம் சேர்த்துப் பார்த்தபோது, தினமும் எடுக்கிற பொதுமக்களுக்குச் சளி வருவது குறையவில்லை, வந்த சளி பெரியவர்களுக்கு 8 சதவீதம் அளவுக்குச் சீக்கிரம் போனது, அவ்வளவுதான். பாலிங் சொன்னது மக்கள் மனதில் நின்றுவிட்டது. இந்த இரண்டாவது தகவலை அவர்களுக்கு யாரும் கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை.

சேர்க்க வேண்டியது நிறைய இருக்கிறது. பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,000 பேருக்கு மேல் வைத்து நடந்த ஆய்வு 1994-இல் வந்தது. உடம்பில் வைட்டமின் ஏ-யாக மாறுகிற பீட்டா கரோட்டின் எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறையும் என்று எதிர்பார்த்தார்கள், 18 சதவீதம் கூடியது. அமெரிக்காவில் அதேபோல் நடந்த இன்னொன்றில் 28 சதவீதம் கூடியதால் 1996-இல் பாதியிலேயே நிறுத்தினார்கள். ஆண்களுக்கு வைட்டமின் ஈ கொடுத்துப் பார்த்ததில் புராஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் அதிகமானது 2011-இல் தெரிந்தது. 25,871 பேர் கலந்துகொண்ட ஆய்வில் வைட்டமின் டி-யோ மீன் எண்ணெயோ புற்றுநோயையும் பெரிய இதய பாதிப்புகளையும் ஒட்டுமொத்தமாகக் குறைக்கவில்லை என்று 2018-இல் சொன்னார்கள். நீங்கள் இவற்றையெல்லாம் படித்திருப்பீர்கள். கவுண்டரில் நிற்கிறவர் படிக்கவில்லை. புகைபிடிக்கிற ஒருவர் "நுரையீரலுக்கு நல்லதாமே" என்று பீட்டா கரோட்டின் கேட்கும்போது அவருக்கு இதைச் சொல்ல வேண்டியது யார்? நான் சொல்கிறேன். நான் சொல்வதைவிட நீங்கள் சொன்னால் பத்து மடங்கு எடுபடும்.

சட்டம் தடுக்காதா என்று நீங்கள் கேட்கலாம். அமெரிக்காவில் 1994-இல் வந்த சட்டப்படி, சத்து மாத்திரை விற்பனைக்கு வருமுன் அது பலன் தரும் என்று அரசிடம் நிரூபிக்க வேண்டிய அவசியமே இல்லை. நோயைக் குணமாக்கும் என்றுதான் எழுதக்கூடாது, எலும்புக்கு உறுதுணை, எதிர்ப்புச்சக்திக்கு உதவும் என்று எழுதலாம். மருந்தின் பக்கத்திலேயே, மருந்து மாதிரியே டப்பாவில், மாத்திரை மாதிரியே இருக்கிற ஒன்றை யாரோ சோதித்துத்தான் விட்டிருப்பார்கள் என்று வாங்குகிறவர் நம்புகிறார். அந்த நம்பிக்கையும் மருந்தின் மேல், உங்கள் துறையின் மேல் இருக்கிற நம்பிக்கைதான், அதைத்தான் கம்பெனிகள் எடுத்துக்கொள்கின்றன.

இப்போது சொல்லாமல் விடுவதால் என்ன ஆகிறது என்பதற்கு வருகிறேன். ஒரு பெண்மணிக்குத் தைராய்டு மாத்திரையின் டோஸ் ஒவ்வொரு பரிசோதனைக்குப் பிறகும் ஏறிக்கொண்டே போனது. மாத்திரையை ஒரு நாள்கூட விட்டதில்லை என்றார், உண்மைதான். ஆனால் காலையில் வெறும் வயிற்றில் தைராய்டு மாத்திரை, அதே கையோடு கால்சியமும் இரும்புச்சத்தும். எல்லாவற்றையும் ஒரே வாய்த் தண்ணீரில் விழுங்கிவிட்டால் மறக்காது என்பதற்காக அப்படி ஒரு ஏற்பாடு. கால்சியமும் இரும்பும் தைராய்டு மருந்தை உடம்பில் சேர விடாது, நடுவில் நான்கு மணி நேரமாவது வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும், அவருக்குத் தெரியாது. டோஸை ஏற்றிய மருத்துவரிடம் அவர் கால்சியத்தைப் பற்றிச் சொல்லவே இல்லை. ஏன் என்றால், "அது மருந்து இல்லையே."

இது ஓரளவுக்குச் சின்ன விஷயம். முடிக்காக எடுக்கிற பயோட்டின் ரத்தப் பரிசோதனையையே பொய்யாக்கிவிடும். ஒரு நாளைக்குப் போதுமான அளவு 30 மைக்ரோகிராம், முடி மாத்திரையில் 5 அல்லது 10 மில்லிகிராம் இருக்கிறது, நூறு மடங்குக்கும் மேல். மாரடைப்பைக் கண்டுபிடிக்கிற ட்ரோபோனின் அளவைச் சில பரிசோதனை முறைகளில் அது குறைத்துக் காட்டும் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2017-இல் எச்சரித்தது, அப்படி ஒரு மரணமும் பதிவானதாகச் சொன்னது. நெஞ்சுவலியோடு வந்தவரிடம் "முடிக்கு ஏதாவது எடுக்கிறீர்களா?" என்று யார் கேட்கப்போகிறார்கள்? மனச்சோர்வுக்கு மூலிகை என்று விற்கிற செயின்ட் ஜான்ஸ் வொர்ட், கருத்தடை மாத்திரையையும் உறுப்பு மாற்று செய்தவர்கள் எடுக்கிற மருந்தையும் வலுவிழக்கச் செய்கிறது. ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மருந்து எடுப்பவர் வைட்டமின் கே கலந்த மல்டிவைட்டமினைப் புதிதாக ஆரம்பித்தால் ரத்தம் உறைகிற கணக்கு மாறிவிடும். கர்ப்பிணிக்கு வைட்டமின் ஏ அளவு மீறினால் கருவையே பாதிக்கும். இவற்றில் எதையும் நோயாளி தானாக ஊகிக்க முடியாது.

அவர்கள் ஏன் சொல்வதில்லை என்பதற்கும் பதில் இருக்கிறது. 2001-இல் வெளியான ஓர் அமெரிக்கக் கருத்துக்கணிப்பில் இதைக் கேட்டிருந்தார்கள். டாக்டர்களுக்கு இவற்றைப் பற்றி அதிகம் தெரியாது, தெரிந்தாலும் முன்கூட்டியே எதிர்ப்பாகத்தான் இருப்பார்கள் என்பது பலருடைய எண்ணம். பயனில்லை என்று அரசு நிறுவனமே அறிவித்தாலும் தொடர்ந்து எடுப்போம் என்று தவறாமல் எடுப்பவர்களில் பெரும்பாலோர் சொன்னார்கள். இதைப் படித்துவிட்டு, இவர்களிடம் பேசிப் பயனில்லை என்று நீங்கள் முடிவு செய்யலாம். எனக்கு வேறு மாதிரி தோன்றுகிறது. அவர்கள் அந்த டப்பாவில் தேடுவது ரசாயனப் பலனை மட்டும் என்றால் ஆய்வு முடிவைக் காட்டியதும் விட்டிருப்பார்கள். அதில் கிடைக்கிற கவனிப்பும் தெம்பும் வேறு எங்கேயும் கிடைக்காதபோது ஏன் விட வேண்டும்?

அப்புறம், அவர்கள் ஊகம் சில நேரம் சரியாகவும் இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் பல வருடமாக எடுப்பவருக்கு பி12 குறையலாம், சோர்வும் கால் மரத்துப்போவதும் அதனால் வந்திருக்கலாம். அவர் பி12 மாத்திரை கேட்டு எங்களிடம் வந்து நிற்பது முட்டாள்தனம் இல்லை. அவருக்குத் தேவை ஒரு ரத்தப் பரிசோதனையும் சரியான டோஸும். இரண்டையும் தரக்கூடியவர் நீங்கள்தான்.

எங்கள் தொழிலும் சுத்தம் என்று சொல்ல வரவில்லை. அந்த அலமாரியில் லாபம் அதிகம், கேட்டதை எடுத்துக் கொடுத்துவிட்டு அடுத்தவரைக் கவனிப்பது சுலபம். கேட்கிறவரை நிறுத்தி நாலு வார்த்தை பேசுகிற மருந்தாளுநர்களும் இருக்கிறார்கள், இல்லாதவர்களும் இருக்கிறார்கள். அது எங்களுக்குள் எழுத வேண்டிய வேறு மடல்.

உங்களிடம் நான் கேட்பது சிறியது. "வேறு மருந்து ஏதாவது எடுக்கிறீர்களா?" என்று கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும், ஏனென்றால் அவர்கள் கணக்கில் இது மருந்தே கிடையாது. "சத்து மாத்திரை, பவுடர், மூலிகை, முடிக்கோ மூட்டுக்கோ ஏதாவது எடுக்கிறீர்களா, நிறையப் பேர் எடுக்கிறார்கள்" என்று கேளுங்கள். நிறையப் பேர் எடுக்கிறார்கள் என்ற அந்த ஒட்டு முக்கியம், அது இருந்தால் திட்டு விழாது என்று அவருக்குத் தெரியும். அடுத்த முறை டப்பாக்களை அப்படியே ஒரு பையில் போட்டு எடுத்துவரச் சொல்லுங்கள், பெயரையும் அளவையும் ஃபைலில் எழுதுங்கள். எதற்காக ஆரம்பித்தார் என்று கேட்டால் ஒரு நிமிடத்தில் அவர் உங்களிடம் சொல்லாமல் விட்ட உபாதை வெளியே வந்துவிடும், பெரும்பாலும் அதுதான் கவனிக்க வேண்டிய விஷயமாக இருக்கும். கெடுதல் இல்லாத ஒன்று என்றால் விட்டுவிடுங்கள், வேண்டாத சண்டை. கெடுதல் என்றால் காரணத்தோடு சொல்லுங்கள், அவர் எடுக்கிற மருந்தின் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள். தள்ளி எடுக்க வேண்டியது என்றால் சீட்டிலேயே எழுதிவிடுங்கள்: தைராய்டு மாத்திரை எழுந்தவுடன், கால்சியம் மதியத்துக்கு மேல். சீட்டில் அந்த ஒரு வரி இருந்தால் கவுண்டரில் நான் அதைப் படித்துக் காட்டி, இரண்டு கவரிலும் நேரத்தை எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுவேன்.

அன்புடன்,
ஒரு மருந்தாளுநர்